பனியைக் கடிக்கும் சங்கிலி

குளிர்காலம் வந்தால் மணாலியிலிருந்து வீடியோக்களும் வந்துவிடுகின்றன. சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடையிலான மலைச்சாலையில் கார்கள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஓட்டுநர் குதித்துவிட்ட பிறகும் வண்டி தன்பாட்டுக்குச் சறுக்கும். இதையெல்லாம் பார்த்த வாசகர் ஒருவர், “சக்கரத்தில் சங்கிலி கட்டினால் வழுக்காது என்கிறார்களே, ரப்பரே நிற்காத இடத்தில் இரும்பு எப்படி நிற்கும்?” என்று கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. ஏனென்றால் இரும்பும் பனிக்கட்டியில் வழுக்கத்தான் செய்யும். அதை நம்பித்தானே ஐஸ் ஸ்கேட்டிங் விளையாட்டே நடக்கிறது.

தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும். பனிக்கட்டியில் அந்த மேடுபள்ளங்கள் இல்லை. போதாக்குறைக்கு, உறைநிலையை ஒட்டிய வெப்பநிலையில் அதன் மேற்பரப்பு மூலக்கூறுகள் பாதி நீர்போல நெகிழ்ந்திருக்கும். மைனஸ் 20 டிகிரியைவிட மைனஸ் 1 டிகிரியில் சாலை அதிகம் வழுக்குவது இதனால்தான்.

சங்கிலி இந்த உராய்வை நம்புவதே இல்லை. அது பனியை வெட்டுகிறது. சாதாரணக் காரின் டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான்; அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ. குறுக்கே ஓடும் சங்கிலிக் கண்ணிகளின் மீது அதே எடை இறங்கும்போது பரப்பு சில சதுர சென்டிமீட்டராகச் சுருங்கி, அழுத்தம் பல மடங்காகிறது. கண்ணியின் விளிம்பு உள்ளே இறங்கிவிடுகிறது.

தேங்காய் துருவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையால் தேய்த்தால் தேங்காய் வழுக்கும். துருவியின் பல் பட்டால் கடிக்கும். துருவும்போது கை ஓர் எதிர்ப்பை உணர்கிறதே, அந்த எதிர்ப்புதான் இங்கே காரை முன்னே தள்ளும் விசை. பனி ‘துருவப்பட மாட்டேன்’ என்று எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு பிடிமானம். புதிதாக விழுந்த பனி இளநீர் வழுக்கை மாதிரி, பல் இறங்கும், எதிர்ப்பு இருக்காது. வண்டிகள் ஏறி இறுகிய பனி நல்ல முற்றல் காய். சங்கிலிக்கு உகந்தது அதுதான். பனி தீர்ந்து வெறும் தார் தெரிந்தால் கொட்டாங்கச்சியில் பல் உரசிய கதை: சங்கிலியும் தேயும், சாலையும் தேயும்.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னொன்று. சங்கிலியை டயரோடு ஒட்ட முறுக்கிக் கட்டுவதில்லை. கொஞ்சம் தளர்வு இருக்கும். அதனால் சக்கரம் சுழலச் சுழல, சங்கிலி டயரின் மேல் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. ரப்பரில் ஒரே இடம் அடிபடுவதில்லை. கண்ணிகளுக்கு இடையே அப்பிய பனியும் உதிர்ந்துவிடுகிறது. பல்லைத் தானே துலக்கிக்கொள்ளும் கருவி!

வரலாறு சுருக்கமானது. நியூயார்க் மாநிலத்து கனஸ்டோட்டாவைச் சேர்ந்த ஹாரி வீட் 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் டயரில் கயிற்றைச் சுற்றி ஓட்டினார்கள்.

சங்கிலி கட்டினால் எங்கும் போகலாம் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். ‘ஃபோர் வீல் டிரைவ்’ இருக்கிறதே என்ற தைரியமும் ஆபத்தானது. அது வண்டியைக் கிளப்ப உதவும். பிரேக் போடும்போது எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்கள்தான். சக்கரத்துக்கும் பாடிக்கும் இடைவெளி குறைந்த கார்களுக்காக சங்கிலிக்குப் பதிலாக மெல்லிய எஃகு வடங்கள் விற்கிறார்கள். பொருந்துவது எளிது, கடி குறைவு.

வேகமும் கூடாது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சாலைகளில் சங்கிலிக் கட்டுப்பாடு அமலானால் மணிக்கு 25 அல்லது 30 மைல்தான், அதாவது அதிகபட்சம் 50 கிலோமீட்டருக்குள். வேகம் இரட்டித்தால் சங்கிலியை வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அறுந்த கண்ணி பிரேக் குழாயையே கிழித்துவிடும். கலிபோர்னியாவின் கட்டுப்பாட்டில் மூன்று படிகள். எல்லா வண்டிக்கும் சங்கிலி கட்டாயம் என்னும் மூன்றாம் படிக்கு வருவதற்குள் பெரும்பாலும் சாலையையே மூடிவிடுகிறார்கள்.

ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால், இன்ஜின் எந்தச் சக்கரங்களை இயக்குகிறதோ அவற்றில் கட்டுங்கள். முன்சக்கர இயக்கக் காரில் முன்னால் மட்டும் கட்டி இறக்கத்தில் போனால், பிரேக் போடும்போது பின்பக்கம் வீசிக்கொண்டு சுழலக்கூடும்; நான்கிலும் கட்டுவதே நல்லது. ஏற்றம் தொடங்கும் முன்பே, சமதளத்தில் நிறுத்திக் கட்டிவிட வேண்டும். சிக்கிய பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்தால், வீணாய்ச் சுழலும் டயர் தன் கீழே உள்ள பனியை உருக்கி, அது மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிடும்.