வசிய மந்திரம் எதுவரை செல்லும்?

கோட்டை வாசலில் ஒரு காவலன். மந்திரவாதியாக ஆடுபவர் ‘சார்ம் பெர்சன்’ என்ற வசிய மந்திரத்தை ஏவுகிறார். காவலன் வசப்பட்டுவிட்டான். “கதவைத் திற” என்கிறார் மந்திரவாதி. திறந்தே ஆக வேண்டுமா? ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுபவர்களிடையே அடிக்கடி வாக்குவாதம் கிளப்பும் கேள்வி இது.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு இது. ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி அமர்ந்து, பேசிப் பேசியே கதையை நகர்த்துவார்கள். மற்ற பாத்திரங்களை ஏற்று நடத்துவதும், விதிக்குப் பொருள் சொல்வதும் ‘டஞ்சன் மாஸ்டர்’ என்ற நடுவரின் வேலை. நிச்சயமில்லாத செயல்களின் முடிவை 20 முகப் பகடை சொல்லும்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, காவலனுக்காக உருட்டும் பகடை தோற்றால் ஒரு மணி நேரத்துக்கு அவன் மந்திரவாதியை நன்கு பழகிய ஆளாக நினைப்பான். அவரைத் தாக்க மாட்டான். அவனிடம் பேசிக் காரியம் சாதிக்க முயலும்போது, மந்திரவாதி இரண்டு பகடை உருட்டி, பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். சொன்னதையெல்லாம் அவன் செய்வான் என்று விதியில் எங்கும் இல்லை. மந்திரவாதியின் கூட்டாளிமேல் வாள் வீசக்கூட அவனுக்குத் தடையில்லை. நேரம் முடிந்ததும், தன்னை வசியம் செய்தது யார் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஏன் குழப்பம்? 1974 விதி, வசப்பட்டவரை முழுவதுமாக மந்திரவாதியின் பிடிக்குள் வைத்தது. 2003இன் 3.5 பதிப்பிலோ, வழக்கமாகச் செய்யாததைச் செய்யவைக்க இருவரும் பகடையில் மோத வேண்டும். பழைய பதிப்பில் பழகியவர்கள் அந்த நினைப்போடுதான் புதிய விதியையும் படிக்கிறார்கள்.

தீர்ப்புச் சொல்ல இரண்டு வழிகள் உதவும். முதலில், மற்ற மந்திரங்களோடு ஒப்பிட வேண்டும். ஒருவரை முழுக்க ஆட்டிவைக்கும் ‘டாமினேட் பெர்சன்’ ஐந்தாம் நிலை மந்திரம். முதல் நிலை மந்திரமான ‘சார்ம் பெர்சனே’ அதைச் செய்துவிட்டால், ஐந்தாம் நிலைக்கு வேலை ஏது? அடுத்து, காவலனை ஒரு மனிதனாகப் பார்க்க வேண்டும். பழகிய ஆளிடம் அவன் ஊர்க்கதை பேசுவான். காவல் மாறும் நேரத்தைச் சொல்லவும் கூடும். ஆனால் தலை போகும் என்று தெரிந்தால் கதவைத் திறக்கத் தயங்குவான். அந்தத் தயக்கத்தைப் பேச்சால் கரைக்க முடியுமா என்பதற்குத்தான் பகடை.

அவனுக்குத் தீங்கு செய்தால் வசியம் கலையும் என்கிறது 2014 விதி. பேசிக்கொண்டே அவன் பணப்பையைத் திருடினால் அது தீங்கா? ரத்தக்காயம்தான் தீங்கு என்று அந்த விதி சொல்லவில்லை. எனவே நடுவர்தான் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவை அவர் ஆட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாளை எதிரி மந்திரவாதி அவர்கள்மீதே இந்த மந்திரத்தை ஏவினாலும் அதே தீர்ப்புதான் நிற்க வேண்டும். தனக்கு ஆதாயமாக இருக்கும்போதும் பாதகமாக இருக்கும்போதும் ஒருவரால் ஏற்க முடிகிற விளக்கமே நியாயமான விளக்கம்.