மீன் தீவனத்தில் தாவர எண்ணெய்: மீனின் உடலுக்குள் நடப்பது என்ன?

பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டாரத்தில் பண்ணைக்குட்டை வெட்டியவர்களில் சிலர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு வளர்க்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். மீனுக்கு என்ன தீனி என்று கேட்டால், "தவிடும் கடலைப் புண்ணாக்கும் சார்" என்பார்கள். தமிழ்நாட்டின் கெண்டை வளர்ப்பில் நெடுங்காலமாகப் பழகிய தீனி இது. செக்குப் புண்ணாக்கில் ஓரளவு எண்ணெய் தங்கியிருக்கும். எண்ணெய் எடுக்காத தவிட்டில் 15 சதவீதம் வரைகூட இருக்கும். ஆக, தீனியாக நாம் போடும் கொழுப்பு முழுவதும் தாவர எண்ணெய்தான்.

ஆனால் மீன் சாப்பிட்டால் ஒமேகா-3 கிடைக்கும் என்று பாடம் நடத்துகிறோம். கடலை எண்ணெயில் ஒமேகா-3 ஒரு சதவீதம்கூட இல்லை. அப்படியானால் மீனுக்குள் அது எப்படி வந்தது? ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதைக் கேட்டாள். நொதி, கொழுப்பு, உணவுச் சங்கிலி ஆகிய மூன்று பாடங்களையும் ஒன்றாகக் கட்டிப்போடும் கேள்வி இது என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வேதியியல். சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலிக் அமிலம் ஒமேகா-6 வகை. 18 கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஒமேகா-3 வகை. 18 கார்பன், மூன்று இரட்டைப் பிணைப்பு. இந்த இரண்டையும் மீனால் தானாக உருவாக்க முடியாது, நம்மாலும் முடியாது. உணவில் வந்தே ஆக வேண்டும். ஆனால் மூளைக்கும் கண்ணுக்கும் செல் சவ்வுக்கும் வேண்டியவை இவற்றைவிட நீளமான சங்கிலிகள்: 20 கார்பனும் ஐந்து இரட்டைப் பிணைப்பும் உள்ள இ.பி.ஏ., 22 கார்பனும் ஆறு இரட்டைப் பிணைப்பும் உள்ள டி.எச்.ஏ. எந்தத் தாவர எண்ணெய் வித்திலும் இயல்பாக இவை கிடையாது.

கெண்டை மீனின் கல்லீரலில் இரண்டு வகை நொதிகள் உள்ளன. ஒன்று இரட்டைப் பிணைப்பைப் புகுத்தும். மற்றது சங்கிலியை நீட்டும். ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் கிடைத்தால் கெண்டை அதை இ.பி.ஏ.வாகவும் டி.எச்.ஏ.வாகவும் ஓரளவு மாற்றிக்கொள்ளும். கடல்மீன்கள் பலவற்றில் இந்த வேலை மிகவும் மந்தம். கடலில் நுண்பாசிகள் தயாரிக்கும் டி.எச்.ஏ. சின்ன மீன் வழியாகப் பெரிய மீனுக்குத் தயாராகவே வந்துவிடுகிறது. அதனால் அந்தத் திறன் தேவைப்படவில்லை என்பது பொதுவான விளக்கம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் செயற்கைச் சூழலில் இனப்பெருக்கம் செய்ய வைத்த கொடுவா இந்த வகைதான். அதன் தீவனத்தில் மீன் எண்ணெயை முழுவதும் எடுத்துவிட்டுத் தாவர எண்ணெயை ஊற்றினால் அதற்குத் தாங்காது. கடல்மீனிலும் விதிவிலக்கு உண்டு. பாசி மேயும் ஓரா மீன் இனம் ஒன்றில் டி.எச்.ஏ. தயாரிக்கும் நொதி இருப்பதை 2010-இல் கண்டறிந்தார்கள்.

நொதி இருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒமேகா-6, ஒமேகா-3 இரண்டுக்கும் முதல் படியில் வேலை செய்வது ஒரே நொதி. ஊரில் ஒரே மாவு மில். ஒருவர் பத்து மூட்டை கொண்டுவந்தால் அரைப்படி கொண்டுவந்தவர் காத்திருக்கத்தான் வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் மிகுந்த தீவனத்தில் ஒமேகா-3-க்கு நேர்வது அதுதான்.

மற்ற மாற்றங்களும் உண்டு. மீன் எண்ணெயில் கொலஸ்டிரால் இருக்கிறது, தாவர எண்ணெயில் ஏறக்குறைய இல்லை. எனவே மீனின் கல்லீரல் தானே கொலஸ்டிரால் தயாரிக்கும் வேலையைக் கூட்டிக்கொள்கிறது. பல கடல்மீன்களில் எரிக்கப்படாத கொழுப்பு கல்லீரலிலும் குடல் செல்களிலும் துளித்துளியாகத் தேங்குகிறது. தசையின் கொழுப்போ தீவனத்தின் கொழுப்பையே பிரதிபலிக்கிறது. இவ்வளவு நடந்தும், அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் போதுமான அளவு இருக்கும்வரை எடை குறைவதில்லை. தராசு எதையும் காட்டிக்கொடுக்காது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-இல் சுமார் 90 சதவீதம் கடல்சார் பொருள்கள். 2013-இல் சுமார் 30 சதவீதம்தான். மீன் எண்ணெய் உலகம் முழுக்கவே ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன்தான் கிடைக்கிறது. மீன் பண்ணைகளோ பெருகிக்கொண்டே போகின்றன. வேறு வழியில்லை. ஆனால் ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. அளவு 2006-க்கும் 2015-க்கும் இடையில் பாதியாகக் குறைந்தது. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் மீன் எண்ணெய்த் தீவனத்துக்கு மாற்றினால் இந்தக் குறைவைப் பெருமளவு சரிசெய்யலாம்.

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். நம் குட்டை மீனுக்கு ஒமேகா-3 வருவது புண்ணாக்கிலிருந்து அல்ல, தண்ணீரிலிருந்து. சாணம் போட்ட குட்டை பச்சை நிறமாகிறதே, அந்த நுண்பாசிகளிலும் அவற்றைத் தின்னும் விலங்கு மிதவைகளிலும்தான் அது இருக்கிறது. கட்லா மேற்பரப்பில் தேடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். தண்ணீரைக் கவனிக்காமல் குஞ்சுகளை நெருக்கமாக விட்டுத் தீனியை மட்டும் கொட்டினால் மீன் கொழுக்கும், ஒமேகா-3 குறையும்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு செய்தி. பட்டுநூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவும் மீன் தீனியாகிறது. மல்பெரி இலை தின்ற புழு என்பதால் அதன் எண்ணெயில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் நிறைய உண்டு. கெண்டைக்கு நல்ல தீனி. ஆனால் இரட்டைப் பிணைப்பு கூடக்கூட எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். ஜப்பானில் காறிப்போன கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகளுக்கு முதுகுத் தசை வற்றிப்போகும் நோய் வந்தது. வைட்டமின் ஈ சேர்த்துத்தான் தடுத்தார்கள். காறல் வாடை அடிக்கும் தவிட்டையும் புண்ணாக்கையும் "மீனுக்குத்தானே" என்று குட்டையில் போடும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளிடம் சொன்னால் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

வகுப்பில் செய்ய எளிய வேலை ஒன்று: தேங்காய், கடலை, சூரியகாந்தி எண்ணெய்களைச் சிறு குப்பிகளில் ஊற்றிப் பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். எது முதலில் உறைகிறது, எது உறையாமலே இருக்கிறது என்று மாணவர்கள் எழுதட்டும். குளிர்ந்த நீரில் வாழும் மீனின் செல் சவ்வுக்கு எந்த வகைக் கொழுப்பு தேவைப்படும் என்று அதன்பிறகு கேளுங்கள்.