யூனியன்வில்லில் குடியேறுமுன் எண்ணிப்பார்க்க வேண்டியவை

ஈழத்திலிருந்து வந்தோருக்கு ‘இடப்பெயர்வு’ என்ற சொல் தனியொரு கனம் உடையது. அங்கே எந்த ஊருக்குச் செல்வது, அவ்வூரின் தண்ணீர் எப்படி, வாடகை எவ்வளவு என்று ஆராய எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. இங்கே அவகாசம் உண்டு. ஆயினும் ஸ்காபரோவிலிருந்து ஸ்டீல்ஸ் அவெனியூவைக் கடந்து வடக்கே குடியேற எண்ணும் குடும்பங்களுட் பல, வெயில் எறிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் யூனியன்வில் பிரதான வீதியில் நடந்துவிட்டு, அன்று மாலையே தீர்மானித்துவிடுகின்றன. அந்த வீதி அழகானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மழை கொட்டும் இரவிலும் மாசி மாதத்துக் காலைப்பொழுதிலும் அவ்வூர் எப்படியிருக்கும் என்பதையும், முதலாண்டின் செலவுக் கணக்கையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம்.

முதலிற் பணத்தைப் பார்ப்போம். ஸ்டீல்ஸ் அவெனியூவின் தென்புறம் ரொறன்ரோ மாநகரம். வடபுறம் யோர்க் பிராந்தியத்தைச் சேர்ந்த மார்க்கம் மாநகரம். வீடு வாங்கும் ஒருவர் ஒன்ராறியோ மாகாணத்துக்குக் காணி உரிமைமாற்ற வரி செலுத்த வேண்டும். பத்து இலட்சம் டொலர் விலையுள்ள வீட்டுக்கு அது 16,475 டொலர். ரொறன்ரோ மாநகரம் 2008ஆம் ஆண்டு முதல் தனக்கென இன்னொரு வரியையும் அறவிடுகிறது. ஆகவே அதே விலையுள்ள வீட்டை வீதியின் தென்புறத்தில் வாங்குபவர் ஏறத்தாழ இருமடங்கு, அதாவது 32,950 டொலர் செலுத்துகிறார். மார்க்கத்தில் இந்த இரண்டாவது வரி இல்லை. முதன்முறையாக வீடு வாங்குவோர் தகைமை உடையவராயின் மாகாண வரியில் 4,000 டொலர் வரையும், ரொறன்ரோ வரியில் 4,475 டொலர் வரையும் திரும்பப் பெறலாம். வீட்டு விலையிற் பெரிய வேறுபாடு இல்லாதவிடத்து இந்த இலாபம் உண்மையானதே. யூனியன்வில்லின் விலையோ பல வேளைகளில் அந்த இலாபத்தை விழுங்கிவிடும். பெயர்பெற்ற உயர்நிலைப் பாடசாலையின் எல்லைக்குள் இருப்பதாற் கூடுதல் விலை கேட்கப்படும் வீடுகள் இங்கே உண்டு. அத்தகைய வீட்டை வாங்குமுன் அந்த முகவரி எந்தப் பாடசாலைக்கு உரியது என்பதை யோர்க் பிராந்தியக் கல்விச் சபையிடமே நேரடியாகக் கேளுங்கள். எல்லைகள் மாற்றப்படுவதுண்டு, வீட்டு விளம்பரத்தில் எழுதியிருப்பது உத்தரவாதம் ஆகாது.

வாடகைக்கு வருவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒன்ராறியோவில் வாடகையை ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே, 90 நாள் எழுத்துமூல அறிவித்தலுடன், மாகாணம் அறிவிக்கும் விழுக்காட்டுக்குள் கூட்டலாம். 2025இல் அது 2.5 விழுக்காடாக இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 15ஆம் திகதிக்குப் பின்னர் முதன்முதலாகக் குடியிருப்பாகப் பயன்பாட்டுக்கு வந்த வீடுகளுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. புதிய அடுக்குமாடிகள் மட்டுமல்ல, அண்மையில் அமைக்கப்பட்ட பல நிலக்கீழ்த் தளக் குடியிருப்புகளும் இதில் அடங்கும். (வழிகாட்டிகளில் ‘நிலக்கீழ்த் தளம்’ என்று எழுதுகிறோம், நேரில் வருவோர் எல்லோரும் ‘பேஸ்மென்ட்’ என்றே சொல்கின்றனர். இரண்டும் ஒன்றுதான்.) ஸ்காபரோவின் பழைய மாடிக் கட்டடமொன்றிற் பல்லாண்டுகள் வாழ்ந்து, குறைந்த வாடகை செலுத்திவரும் குடும்பம், அதை விட்டுப் புதிய பேஸ்மென்டுக்கு வரும்போது இந்தப் பாதுகாப்பை இழக்கிறது. விட்டுவந்த குடியிருப்பின் வாடகையை அடுத்து வருபவருக்கு உரிமையாளர் விரும்பியவாறு நிர்ணயிக்கலாம் என்பதால், பழைய வாடகைக்கு மீண்டும் அங்கே செல்லவும் இயலாது. இது திரும்பிவர முடியாத படி. அதை அறிந்தே இறங்க வேண்டும்.

வாடகை உடன்படிக்கை மாகாணத்தின் நியம வடிவில் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணமாகக் கடைசி மாத வாடகையை மட்டுமே கேட்கலாம். ‘சேத வைப்பு’ என்று தனியாகப் பணம் கேட்பது சட்டத்துக்கு முரணானது. அந்தப் பேஸ்மென்ட் மாநகரசபையின் அனுமதியுடன் அமைக்கப்பட்டதா, வெளியேற இரண்டாம் வழி உண்டா, புகை எச்சரிக்கைக் கருவியும் காபன்மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் வேலை செய்கின்றனவா என்று கேட்கத் தயங்க வேண்டாம். வீட்டுக்காரர் உறவினராயினும் கேளுங்கள். வாகனம் எங்கே நிற்கும் என்பதையும் கேளுங்கள்: மார்க்கத்தின் வீதிகளில் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை வாகனம் நிறுத்துவதற்குத் தடை உண்டு.

இனித் தண்ணீர். யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ காணி வாங்குபவர் ‘மேட்டு நிலமா, பள்ளமா? மாரியில் வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஓடும்?’ என்று கேளாமல் உறுதி எழுதமாட்டார். இங்கு வந்தபின் அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. யூனியன்வில்லின் பெயரே ஆற்றோடு தொடர்புடையது. ஐரா வைட் என்பவர் 1840ஐ அண்டி இங்கே கட்டிய ‘யூனியன் மில்ஸ்’ என்ற ஆலையிலிருந்தே ஊருக்கு இப்பெயர் வந்தது. ஆலைக்கு நீரோட்டம் வேண்டும்; ஆகவே ஊர் ரூஜ் நதியை அண்டி வளர்ந்தது. இன்று குடும்பங்கள் வாத்துகளைப் பார்க்கச் செல்லும் டூகுட் குளமும் ஆலைக்காகத் தேக்கப்பட்ட நீர்தான். நதியையும் அதன் கிளைகளையும் அண்டிய தாழ்நிலம் இன்றும் வெள்ளச் சமவெளியே.

1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவைத் தாக்கியபோது 81 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 35 பேர் ஹம்பர் நதிக்கரையிலிருந்த றேமோர் டிரைவ் என்ற ஒரே வீதியைச் சேர்ந்தோர். அந்தப் புயலின் மழையையே அளவுகோலாகக் கொண்டு இப்பகுதியின் வெள்ளச் சமவெளிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. ரொறன்ரோ மற்றும் பிராந்தியப் பாதுகாப்பு அதிகாரசபையிடம் ஒரு முகவரியைக் கொடுத்து, அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிலமா என்று விசாரிக்கலாம். அத்தகைய நிலத்தில் வீட்டைப் பெருப்பிக்கவோ, புதிதாகக் கட்டவோ அந்தச் சபையின் அனுமதி வேண்டும். வாங்கியபின் அறிவதைவிட முன்னரே அறிவது மேல்.

நதியிலிருந்து தொலைவில் இருந்தால் அச்சமில்லை என்று எண்ணிவிடவும் கூடாது. 2005 ஓகஸ்ட் 19ஆம் திகதிப் பெருமழையில் மார்க்கத்தின் தோர்ன்ஹில் பகுதியில் வீடுகளின் நிலக்கீழ்த் தளங்களில் நீர் புகுந்தது. 2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. இத்தகைய மழையில் வடிகால்கள் நிறைந்து, கழிவுநீர் குழாய்வழியே வீட்டினுள் எதிர்த்து வரும். இதைத் தடுக்க வடிகால் இணைப்பில் எதிரோட்டத் தடுப்பு வால்வு ஒன்றைப் பொருத்தலாம். வீட்டைப் பார்க்கும்போது அது உண்டா என்று கேளுங்கள். வெள்ளக் கட்டுப்பாட்டு வேலைகளுக்காக 2015 முதல் ஆதனவரிச் சிட்டையில் மழைநீர்க் கட்டணமும் சேர்க்கப்படுகிறது.

வீட்டுக் காப்புறுதியைப் பற்றி இங்கே ஒரு சொல். வழமையான காப்புறுதிப் பத்திரம் கழிவுநீர் எதிர்த்து வருவதையும், நிலத்தின்மேல் ஓடிவரும் வெள்ளத்தையும் தானாகவே உள்ளடக்குவதில்லை. இவை தனித்தனியே சேர்க்கப்பட வேண்டிய இரு பிரிவுகள். வீட்டுக்கு விலை பேசுமுன் அந்த முகவரிக்கு இவ்விரண்டும் கிடைக்குமா, எவ்வளவுக்கு என்று காப்புறுதி முகவரிடம் கேட்டறியுங்கள். ‘முன்பு வெள்ளம் வந்ததா?’ என்று விற்பவரிடம் எழுத்திற் கேட்பதும் அவசியம். ஒன்ராறியோவில் பார்த்து வாங்குவது வாங்குபவரின் பொறுப்பு என்பதே பொதுவிதி. வீட்டை வாழத் தகாததாகவோ ஆபத்தானதாகவோ ஆக்கும் மறைவான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதை மறைக்க இயலாது. ஆனால் எல்லாக் குறைகளையும் அவராகவே சொல்லவேண்டும் என்ற கடப்பாடு இல்லை. கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் தந்தால் நிலைமை வேறு. ஆகவேதான் கேள்வி எழுத்தில் இருக்க வேண்டும்.

குளிரைப் பொறுத்தவரை, ஒன்ராறியோ ஏரியை அண்டிய பகுதிகளைவிட யூனியன்வில்லின் மாரி இரவுகள் சற்றுக் கூடுதலாகக் குளிரும்; வெப்பமூட்டற் செலவும் அதற்கேற்பக் கூடலாம். 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் மரங்கள் முறிந்து, பல வீடுகள் நத்தார்க் காலத்தில் நாட்கணக்காக மின்சாரமின்றி இருந்தன. எரிவாயுவில் இயங்கும் உலையும் அதன் காற்றாடிக்கு மின்சாரத்தையே நம்பியிருக்கிறது என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தனர். எவ்வளவு குளிரினும் கரியடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ வீட்டினுள்ளோ, வாகனத் தரிப்பறையினுள்ளோ இயக்க வேண்டாம். மணமற்ற அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

பாதுகாப்புப் பற்றியே எங்களிடம் மிகுதியான கேள்விகள் வருகின்றன. யோர்க் பிராந்தியப் பொலிசாரும் ரொறன்ரோப் பொலிசாரும் குற்றப் புள்ளிவிவரங்களை வரைபடத்துடன் வெளியிடுகின்றனர். அவற்றைப் பார்க்கும்போது பெரிய கடைத்தொகுதி உள்ள இடத்திற் குற்றங்கள் மிகுந்து தோன்றும் என்பதை நினைவிற் கொள்க. அங்கு வந்து செல்வோர் தொகையும் மிகுதி. ‘நல்ல இடம்’, ‘கூடாத இடம்’ என்று விருந்துவீடுகளில் வழங்கும் பேச்சு பெரும்பாலும் பழைய செய்தித் தலைப்புகளின் எதிரொலியே. வாகனக் காப்புறுதிக் கட்டணம் அஞ்சற் குறியீட்டுக்கேற்ப மாறும். ஆகையால் புதிய முகவரிக்கு அது எவ்வளவு என்பதைக் கணக்கிற் சேருங்கள்.

பாதுகாப்பின் இன்னொரு முகம் முதியோருடையது. ஸ்காபரோவில் அம்மம்மா தாமாகவே கடைக்கும் கோவிலுக்கும் மருத்துவரிடமும் சென்றுவந்திருப்பார். அமைதியான வளைவுத் தெருவொன்றில், பேருந்துத் தரிப்புக்குப் பதினைந்து நிமிடம் நடக்கவேண்டிய வீட்டில், பனிக்காலத்தின் ஐந்து மாதங்களும் அவர் பிறரது வாகனத்தை எதிர்பார்த்திருக்க நேரிடும். 2024 பெப்ரவரி 26 முதல், பிரெஸ்டோ அட்டையைப் பயன்படுத்துவோர் யோர்க் பேருந்திலிருந்து ரொறன்ரோப் பேருந்துக்கோ, சுரங்கத் தொடருந்துக்கோ இரண்டு மணி நேரத்துக்குள் மாறினால் இரண்டாவது கட்டணம் இல்லை. முன்பு எல்லையிற் செலுத்திய இரட்டைக் கட்டணம் நீங்கியது பெரும் உதவியே. எனினும் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வரும் என்பதை, வார நாளொன்றில் அவரையும் அழைத்துச் சென்று பாருங்கள். வீட்டைத் தெரிவுசெய்யும் உரையாடலில் அவருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

இக்கட்டுரை பொதுத் தகவல் மட்டுமே. சட்ட ஆலோசனை அன்று. வீடு வாங்குவோர் உடன்படிக்கையில் ஒப்பமிடுமுன் சட்டத்தரணியிடம் அதைக் காட்டுக. குறைந்த வருமானமுடைய வாடகைக் குடியிருப்பாளர்கள் சமூகச் சட்ட உதவி நிலையத்தை நாடலாம். எந்தச் சேவையை எங்கே பெறுவது என்று தெரியாதவர்கள் 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.