மண்ணுக்குள் மறைந்த குழாய்

தீவகத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வளவு பெருஞ்செல்வம். ஊர்காவற்றுறையாயினும் நயினாதீவாயினும் நெடுந்தீவாயினும் ஆறு என்பதொன்று அங்கில்லை. பெய்யும் மழையே சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கீழுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாகத் தங்குகின்றது. அந்நிலத்திலேதான் மலசலகூடக் குழிகளும் அமைகின்றன. தெருவழியே செல்லும் பொதுக் கழிவுக்குழாய் இல்லாமையால் வீட்டுக்கொரு குழி வேண்டியதாயிற்று.

கிணறு கண்ணுக்குத் தெரியும். குழியும் அதற்குச் செல்லும் குழாயும் தெரியா. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போர் காரணமாகத் தீவக மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். பல்லாண்டு கழித்துத் திரும்பியவர் கண்டது பற்றை மூடிய வளவு. குழாய் எவ்வழி செல்கின்றதென்று சொல்லக்கூடிய முதியவரும் இல்லை. அதனைப் புதைத்த மேசனும் இல்லை. அவ்வாறான வளவிற் புதுக் கிணறு வெட்டுவோர், பழைய மலக்குழியின் பக்கத்திலேயே வெட்டிவிடுதல் கூடும்.

இத்தகைய இடத்திற் பயன்படுவது மிதக்கும் செலுத்தி என்னும் சிறு கருவி. வானொலி நிலையம் பெரிய அளவிற் செய்வதை இது விரலளவிற் செய்கின்றது. நீர்புகாத சிமிழொன்றினுள் பற்றறியும் கம்பிச்சுருளும் இருக்கும். அதனைக் கயிற்றிற் கட்டிக் குழாயினுள் விட்டு நீரூற்றினால், அது மிதந்து செல்லும். நிலத்தின் மேல் ஒருவர் வாங்கிக் கருவியைக் கையிலேந்தி அதனைத் தொடர்வார்.

வானொலி அலை இரும்புக் குழாயைக் கடந்து வெளிவராது. ஆதலின் இக்கருவிகளுட் பல, விநாடிக்கு 512 தடவை மாறும் மிகக் குறைந்த மீடிறனுடைய காந்தப்புலத்தையே எழுப்புகின்றன. அது வார்ப்பிரும்பையும் ஈரமண்ணையும் ஊடுருவும். பிளாத்திக்குக் குழாய்க்கும் மண்குழாய்க்கும் 33,000 என்னும் மீடிறனும் வழங்குகின்றது.

சிமிழுக்கு நேர்மேலே ஒலி உச்சமாகக் கேட்கும். முன்னே சிறிது நடந்தால் முற்றாக ஓயும். பின்னர் மெலிதாக மீண்டும் எழும். அந்தப் பொய்யெழுச்சியை மெய்யென்று நம்பி மண்வெட்டியைப் போட்டு ஏமாந்த புதியவர் பலர். எதிர்ப்புறத்திலும் அவ்வாறே ஓர் ஓய்வும் ஓர் எழுச்சியும் உண்டு. அவ்விரு ஓய்விடங்களும் வீணல்ல. அவற்றின் இடைத்தூரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கே சிமிழின் ஆழம். இடைத்தூரம் 10 அடியாயின் ஆழம் 7 அடி. நிலம் சமமாகவும் சிமிழ் கிடையாகவும் இருக்கும்போதே இக்கணக்குப் பொருந்தும்.

சிமிழ் குழியிற் சென்று நின்றதும் அதன் வேலை முடிந்தது. கழிவுநீரின் பயணமோ முடியவில்லை. மண் வடிகட்டும், வெடித்த சுண்ணாம்புக் கல் வடிகட்டாது. தீவகத்தையும் குடாநாட்டையும் தாங்குவது ஒரே இனக் கல். நிலாவரைக் கிணற்றில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று குடாநாட்டு முதியோர் கூறுவர். பழம் மிதந்ததோ இல்லையோ, கல்லுக்குள் நீர்வழி உண்டென்ற அவர்தம் எண்ணம் பிழையன்று. செருமனியில் 1877ஆம் ஆண்டு, நிலத்துள் மறையும் தன்யூபு ஆற்று நீரிற் சாயத்தைக் கலந்தனர். ஏறத்தாழ 12 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆக் ஊற்றில், மூன்று நாட்களுக்குள் அது பச்சையாய் வெளிப்பட்டது. அங்குள்ளதும் சுண்ணாம்புக் கல்லே.

இன்றும் கல்வெடிப்பின் வழியை ஆராய்வதற்குச் சாயமே துணை. குழியிலிட்ட சாயம் கிணற்றிலே தோன்றின் ஐயமில்லை. தோன்றாவிடினும் கிணறு தூயதென்று கொள்ளலாகாது. நீர் வேறு வழியாய்ச் சென்றிருக்கலாம், நெடுநாட் கழித்தும் வரலாம். எனவே குழி எவ்வளவு தூரத்திலிருப்பினும், கிணற்று நீரைக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். முடிவு வரும்வரை கொதிக்கவைத்தே குடித்தல் வேண்டும்.