பயிருக்கு இழப்பீடு உண்டு, மண்ணுக்கு?

புதுடெல்லி: தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30 அன்று ஓஎன்ஜிசி நிறுவனத்தின் குழாயில் கசிவு ஏற்பட்டு, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. மக்கள் திரண்டனர், வைக்கோலில் தீப்பற்றியது, போலீசார் தடியடி நடத்தி 10 பேரைக் கைது செய்தனர். அப்போது எழுந்த அரசியல் விவாதம் தடியடியையும் கைதுகளையும் சுற்றியே நின்றது. எண்ணெய் படிந்த வயலைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போயிற்று.

கச்சா எண்ணெய் ஊறிய மண் தண்ணீரை ஏற்பதில்லை. மண்ணின் இடைவெளிகள் அடைபட்டு வேருக்குக் காற்று கிடைக்காமல் போகிறது. எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறுகிறது. எண்ணெயோடு வெளிவரும் உப்புநீரும் கலந்துவிட்டால் பாதிப்பு மேலும் நீடிக்கும். மேல்மண்ணை அள்ளிவிட்டுப் புதுமண் கொட்டலாம்; ஆனால், தலைமுறைகளாகத் தொழுஉரமிட்டுச் சேர்த்த வளம் லாரியில் வந்து இறங்குவதில்லை.

வயலில் குழாய் பதிக்க வழிசெய்வது, 1962-ம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும்; பயன்பாட்டு உரிமை மட்டும் நிறுவனத்துக்குச் செல்லும். அதற்கு ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். குழாய்ப் பாதையில் கிணறு வெட்டவோ, மரம் நடவோ, வீடு கட்டவோ கூடாது. சேதம் நேர்ந்தால் அகற்றப்பட்ட மரம், நின்ற பயிர், பிற சொத்து, வருமானம் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளவேண்டும் என்கிறது சட்டம். மண்ணைப் பழைய நிலைக்கு மீட்டுத் தரும் கடமையைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை.

எண்ணெய் வளம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இரண்டும் ஒரே வயலில் மோதும்போது டெல்லியின் கையே ஓங்குகிறது. சோதனைக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. அடுத்த மாதமே காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தைத் தமிழக சட்டப்பேரவை நிறைவேற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை விதிக்கிறது. ஏற்கெனவே இயங்கிவந்தவற்றைத் தொடவில்லை. கதிராமங்கலம் குழாய்கள் அந்தச் சட்டத்துக்கு முந்தையவை.

பாதிக்கப்பட்டவருக்கு மற்றொரு வழி, 2010-ம் ஆண்டு சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, நிலத்தைச் சீரமைக்கவும் அது உத்தரவிட முடியும். 5 ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும். எண்ணெய் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதற்கான மண் பரிசோதனைச் சான்றுகளை உழவர்தான் திரட்டிக்கொண்டு சென்னை அமர்வுக்குச் செல்லவேண்டும்.