பொத்துவில்: ஊவாவின் கடல்வாயில்

கொழும்பிலிருந்து புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை என்று ஊர் ஊராகக் கிழக்கு நோக்கி வருகின்ற பெருந்தெரு, லகுகலைக் காட்டையும் அதன் குளங்களையும் கடந்து, சுமார் 320 கிலோமீற்றர் ஓடிய பின்னர் கீழ்த்திசைச் சமுத்திரத்தைக் கண்டு, அதற்குமேற் செல்ல வழியில்லாமையால் வடக்கே திரும்பி, அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பை நோக்கிப் போகின்றது. அது திரும்புகின்ற முடக்கிலே அமைந்திருப்பது பொத்துவில். கிழக்கே கடல், வடக்கே கண்டற்காடு சூழ்ந்த களப்பு, தெற்கே ஹெட ஓயா வந்து விழும் அறுகம் களப்பு, மேற்கே வயல்வெளியும் அதன் பின்னே யானை நடமாடும் வனமும் என நாற்புறமும் இயற்கை எல்லை வகுத்த ஊர் அது.

இவ்வூரைப் பற்றிப் பிறர் கொண்டிருக்கும் அபிப்பிராயம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. கல்முனையிலும் சம்மாந்துறையிலும் உள்ளவர்களுக்கு அது தெற்கே கடைசியாகக் கிடக்கும் தூரத்து ஊர். கச்சேரி உத்தியோகத்தருக்கு இடமாற்றம் கிடைத்தால் மனம் சோர்கின்ற ஊர். வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிக்கோ அறுகம்குடாவுக்குப் போகும் வழியிலே பேருந்து நிற்கும் சந்தி. கரையோரத் தெரு வழியாக வடக்கிலிருந்து வருகிறவன் இவ்வாறு நினைப்பது இயல்பே. ஆனால் பொத்துவிலின் பூர்வீகத்தை அறிய விரும்புகிறவன் மேற்கிலிருந்து, அதாவது ஊவாவின் வெல்லஸ்ஸைப் புறத்திலிருந்து, நடந்து வரவேண்டும். உப்பும் கருவாடும் சீலைத்துணியும் உள்நாட்டுக்கு ஏறவும், பாக்கும் தேனும் மெழுகும் கரைக்கு இறங்கவும் பொதி சுமக்கும் தவள மாடுகளை ஓட்டிச் சென்ற கீழ்க்கரை முஸ்லிம் வியாபாரிகளுக்கு இப்பக்கத்துக் காட்டுவழிகளே இராஜபாட்டையாக இருந்தன. அவ்வழிகளின் கடற்பக்கத்து வாயில் பொத்துவில்.

அந்தத் தவள வியாபாரத்தின் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு இலங்கைச் சரித்திரமே சாட்சி. 1817ஆம் ஆண்டு வெல்லஸ்ஸையில் வாழ்ந்த முஸ்லிம்களுக்குத் தலைவராக ஹாஜி மரைக்கார் என்பவரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தார்கள். அதனாற் கண்டிப் பிரதானிகள் தம் அதிகாரம் குறைந்ததென்று வெகுண்டார்கள். அவர் கிளர்ச்சிக்காரர் கையில் அகப்பட்டு உயிர் துறந்தார். ஊவாப் பெருங்கிளர்ச்சியின் தொடக்கச் சம்பவங்களுள் இது ஒன்று. அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னே, போர்த்துக்கேயரால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, 1626 அளவிலே ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புத் தேசத்திற் குடியேற்றினான் என்று சரித்திர நூல்களிற் காண்கிறோம். கீழ்க்கரைக்கும் கண்டிச் சிங்காசனத்துக்கும் இருந்த சம்பந்தத்தை மறந்துவிட்டு இவ்வூர்களின் வரலாற்றை எழுத முற்படுவது வீண் பிரயாசை.

இனி, இஸ்லாமியக் குடியிருப்புக்கும் முற்பட்ட தொன்மையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஊருக்குள்ளேயே கடற்கரை மணல்மேட்டிலே முகுது மகா விகாரையின் கற்றூண்களும் சிலைகளும் நிற்கின்றன. மேற்கே லகுகலைக் காட்டினுள்ளே மகுல் மகா விகாரையின் மதில்களும் படிகளும் மண்டபத் தளங்களும் பரந்து கிடக்கின்றன. களனித் திஸ்ஸனின் குமாரத்தி விகாரமகாதேவி, கடல்கோளைத் தணிக்கும் பொருட்டுப் படகிலேற்றி விடப்பட்டு, முதல் விகாரை நிற்கும் கரையில் ஒதுங்கினாள் என்றும், காவந்திஸ்ஸன் அவளை இரண்டாவது விகாரை நிற்கும் இடத்தில் மணம் முடித்தான் என்றும், துட்டகைமுனு அவ்விருவரின் புத்திரன் என்றும் ஐதிகம் கூறும். அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கிரிந்தையும் அவள் கரையேறிய இடம் தானே என்று உரிமை பாராட்டுவதுண்டு.

இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதி அல்லோம். எனினும் மகுல் மகா விகாரையிற் கிடைத்த கல்வெட்டு ஒரு சுவையான செய்தியைச் சொல்கிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், அந்த விகாரையைக் கட்டியவன் தாதுசேன மன்னன் என்றும், அதனைப் புதுப்பித்தவள் பராக்கிரமபாகு என்ற பெயர் பூண்ட சகோதர அரசர் இருவரின் பட்டத்தரசியான விகாரமகாதேவி என்றும் பகர்கின்றது. ஆகவே, கல்லில் எழுதப்பட்டிருப்பவள் துட்டகைமுனுவின் அன்னைக்கு ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னே அதே நாமத்துடன் வாழ்ந்த வேறோர் இராணி. பிந்தியவளின் புகழ் முந்தியவளின் கதையோடு சனங்களின் நினைவிலே கலந்துபோயிருக்கக்கூடும் என்பது என் ஊகம். ஐதிகத்தைச் சொல்லும் வாய்கள் நூறு இருக்க, கல்வெட்டை வாசிக்கும் கண்கள் சிலவாயிருப்பது இந்நாட்டின் துர்ப்பாக்கியங்களில் ஒன்று.

ஊரின் சுபாவத்தை அறிய இடிபாடுகள் மாத்திரம் போதா. வீடுகளுக்குள்ளும் நுழைய வேண்டும். கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள கீழ்க்கரை முஸ்லிம்களிடையே, தாய்வழியாக வருகின்ற குடி என்னும் பகுப்பு நெடுங்காலமாக நிலைத்து நிற்கின்றது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். பள்ளிவாசலில் மரைக்காயர் பதவி குடிவாரியாக அமையும். வீடும் வளவும் பெண்மக்களுக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீடு புகுவான். தந்தைவழி மரபை முதன்மைப்படுத்தும் இஸ்லாமியத் தாயவிதியைப் பேணும் சமூகத்தில் இவ்வழக்கமா என்று வெளியூரார் வியப்பர். அயலிலுள்ள தமிழ் இந்துக்களிடத்தும் இதே குடிவழி முறைமை இருப்பதைக் கண்டவர்க்கு வியப்புத் தெளிந்துவிடும். மகளுக்கு வீடு கட்டி முடிக்கும்வரை வாப்பா ஒருவருக்கு உறக்கம் வராது என்பது இப்பகுதியிற் பிறந்தவர் யாவரும் அறிந்த சங்கதி. இம்மரபு பெண்ணுக்கு நிழலைக் கொடுத்திருக்கிறது என்பது உண்மை. ஏழைத் தகப்பனின் முதுகை ஒடித்திருக்கிறது என்பதும் அதேயளவு உண்மை.

ஆண்டுதோறும் கதிர்காமத்து உற்சவத்தை முன்னிட்டு, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முதலிய வடக்குத் தலங்களிலிருந்து கால்நடையாக வரும் யாத்திரிகர்கள் திருக்கோவிலைக் கடந்து பொத்துவிலில் தங்கி, பாணமை, உகந்தை வழியாகக் குமணைக் காட்டினுட் புகுவர். ஊரின் முஸ்லிம் மக்களுக்கு அவர்கள் அந்நியரல்லர். கதிர்காமத்திலேயே கிழ்று நபியின் நினைவோடு சேர்ந்த பள்ளிவாசல் ஒன்று கொடியேற்றத்துடன் விளங்குவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டறிந்தவர்கள். பாணமையிற் சிங்களமும் தமிழும் கலந்த குடும்பங்கள் வாழ்வதும் இப்பிராந்தியத்தின் விசேஷம்.

தொழிலை எடுத்துக்கொண்டால், பொத்துவிலுக்கு இரண்டு பருவங்கள். கல்லோயாத் திட்டத்தின் நீர் எட்டாத வயல்கள் ஆனபடியால், வாடைக் காற்றோடு மழை வருகின்ற பெரும்போகமே விவசாயிக்குக் கதி. அறுவடை முடிந்து வட்டையெல்லாம் காய்ந்து கிடக்கும் சித்திரைக்குப் பின்னர், அறுகம்குடாவிலே அலைச்சறுக்குக்கு உகந்த அலைகள் எழத் தொடங்கும். 1970களிலே கையில் பணமில்லாமல் அலைந்து திரிந்த வெள்ளைக்கார இளைஞர்கள் கண்டுகொண்ட அந்தக் குடா, இன்று உலகத்து அலைச்சறுக்கு வீரர் யாவரும் அறிந்த இடம். ஐப்பசியில் பிரயாணி போக, விவசாயி விதைப்பு வேலையில் இறங்குவான். ஒரு குடும்பத்திலேயே தகப்பன் வயலையும் மகன் விடுதியையும் பார்த்துக்கொள்வது இங்கே சாதாரணம். ஆனால் அறுகம்குடாவின் உல்லைக் கரையிற் புரளும் பணத்தில் எவ்வளவு ஊருக்குள் வந்து சேர்கிறதென்று கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

துன்பங்களையும் மறைக்கலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை இலங்கையிலே மிகுதியான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அறுகம்குடாப் பாலம் சேதமுற்றது. உல்லைக் கரை வெறுங்கரையாயிற்று. 2006 செப்டெம்பரில், ரத்தல்குளத்திலே வேலைக்குச் சென்ற முஸ்லிம் கூலித் தொழிலாளர் 10 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அந்த ரணம் ஊருக்கு இன்னும் ஆறவில்லை. இதே பொத்துவிலிலிருந்து 2021 பெப்ரவரி 3ஆம் திகதி தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து புறப்பட்ட நடைபவனி, 7ஆம் திகதி வடகோடியிலுள்ள பொலிகண்டியை அடைந்தது. ஒடுங்கிக் கிடக்கும் ஊரென்று கருதப்பட்ட இடம், தமிழ் பேசும் கிழக்கின் எல்லைக்கல்லாக அன்று திடீரென எல்லார் வாயிலும் வந்தது.

பல காலத்துச் சரித்திரமும் உல்லாசக் கரையும் ஒருங்கே கொண்ட இன்னோர் ஊரைப் பொத்துவிலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல்கேரியா தேசத்திலே கருங்கடலுக்குள் நீண்ட ஒரு சிறு தீபகற்பத்தில் நெசெபர் என்ற புராதன நகரம் இருக்கின்றது. திராசியர் குடியிருந்து, கிரேக்கர் மெசெம்பிரியா என்ற பெயரிற் பட்டினம் அமைத்து, உரோமர் ஆண்டு, 812இல் பல்கேரிய மன்னன் குரூம் கைப்பற்றி, பின்னர் துருக்கியர் ஆட்சியையும் கண்ட அந்நகரை 1983இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதன் அண்டையிலேயே விடுதிகள் நெருங்கிய உல்லாசக் கடற்கரை ஒன்று உண்டு. ஆகவே பழமைக்கும் உல்லாசத்துக்கும் நடக்கும் இழுபறி அங்கும் ஓய்ந்தபாடில்லை. எனினும், அங்கே கிரேக்க மதிலையும் பைசாந்தியக் கோவிலையும் ஒரே நகரின் சரித்திரமாக வருவோர்க்குக் காட்டுகிறார்கள். நம் பொத்துவிலிலோ விகாரைக்கு ஒரு சரித்திரம், பள்ளிவாசலுக்கு ஒரு சரித்திரம், கோவிலுக்கு ஒரு சரித்திரம் என்று மூன்றாய்ப் பிரிந்து கிடக்கின்றது. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது, தமிழரோ முஸ்லிமோ ஒருவர்தானும் அதில் ஆரம்பத்தில் இடம்பெறவில்லை. விகாரையைச் சூழ்ந்த காணிகளிற் குடியிருப்போர், அளவுக்கோலோடு வருபவர் எவரையும் கண்டு அஞ்சுவதும் அதனாலேயே. பழமையைக் காப்பது அயலவனின் அடுப்பை அணைப்பதாக முடியுமானால் அந்தத் தொல்லியல் எனக்கு உடன்பாடன்று. பழமையை அறவே இல்லையென்று சாதிப்பதும் அவ்வாறே.

பொத்துவில் மத்திய கல்லூரி ஆசிரியர்களுக்கும், பிரதேச சபையினருக்கும், பள்ளிவாசல் நிருவாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். லகுகலைக் கல்வெட்டையும், தவள மாட்டு வியாபாரத்தையும், குடிகளின் பூர்வீகத்தையும், உகந்தைப் பாதையையும், கரைவலைக்காரரின் பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஓர் ஊர்ச் சரித்திரம் வெளியிட வேண்டும். அதற்குப் பாணமையிலும் திருக்கோவிலிலும் உள்ளவர்களையும் அழைக்க வேண்டும். பழைய உறுதிகளும் பள்ளிவாசற் பதிவேடுகளும் ஆழிப்பேரலைக்குப் பின் எஞ்சியிருப்பவை எவையோ அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். எண்பது வயதைக் கடந்த மூத்தாப்பாக்களும் மூத்தம்மாக்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இந்த வருஷமே எழுதத் தொடங்குங்கள்.