கறுப்பு வண்டியின் மெருகு

விரும்பி வாங்கிய பொருளின் புதுமை கெடாதிருக்க வேண்டும் என்று விழைவது மக்கட்கு இயல்பு. புது வேட்டியின் மடிப்பும், புது வீட்டின் சுண்ணாம்பு மணமும் சில நாள்களே நிற்பவை என்பதை நாம் அறிவோம். அறிந்திருந்தும் அவை இன்னும் சிறிது காலம் நில்லாவோ என்று ஏங்குகிறோம். இந்த ஏக்கம் மிகுதியாக வெளிப்படுவது புதிதாக வாங்கிய மோட்டார்க் காரிடத்தே ஆகும். அக்கார் கறுப்பு நிறத்ததாக அமைந்துவிட்டால் உரிமையாளரின் கவலை இரட்டிப்பாகிறது. வாங்கி மூன்று திங்கள்கூட நிரம்பாத கறுப்புக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தவர்கள், அதன்மேல் சிலந்தி வலை பின்னினாற்போன்ற நுண்கீறல்களைக் கண்டு மனம் நொந்திருப்பார்கள். அக்கீறல்கள் எவ்வாறு வந்தன, அவற்றைப் போக்குவது எங்ஙனம், போக்கியபின் காப்பது எங்ஙனம் என்னும் மூன்று வினாக்களுக்கும் இயன்ற அளவு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

கோவை நகருக்கும் மோட்டார் வண்டிக்கும் உள்ள உறவு பழையது. 1920-ஆம் ஆண்டில் ஒரு பேருந்தை வாங்கி, அதனைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு அவர்களை (1893-1974) இப்பகுதியில் அறியாதார் இலர். அவர் பெயரால் விளங்கும் கார் அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் உள்ளது. அங்கு வரிசையாக நிற்கும் பழைய வண்டிகளைக் காணச் செல்வோர் பெரும்பாலும் எஞ்சினையும் சக்கரங்களையும் வியந்து நோக்குவர். நானோ அவற்றின் மேற்பூச்சையே உற்று நோக்குவது வழக்கம். ஏனெனில் மோட்டார் வண்டியின் வரலாற்றில் பூச்சின் வரலாறு ஒரு தனி அத்தியாயம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' வண்டிகள் 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே செய்யப்பட்டன. அக்காலத்தில் உயர்ந்த வண்டிகளுக்கு எண்ணெயும் பிசினும் சேர்ந்த பூச்சைப் பலமுறை பூசி, ஒவ்வொரு முறையும் உலரவிட்டுத் தேய்ப்பார்கள். வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். 1923-இல் 'டூகோ' என்னும் விரைவில் உலரும் பூச்சு கார்களுக்கு வந்தது. அதன் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோஸ். பருத்தியின் நாரிலிருந்து செய்யப்படுவது. பருத்தியால் வளர்ந்த கோவைக்கு இச்செய்தி கேட்க இனியதாகும். இன்றும் நம் ஊர்ப் பட்டறைகளில் காருக்கு வர்ணம் தெளிப்பதை 'டூகோ அடித்தல்' என்று கூறக் கேட்கலாம். பெயர் நிலைத்துவிட்டது; ஆனால் பூச்சு மாறிவிட்டது. அந்த மாற்றத்தை அறியாமல் பழைய வழக்கப்படியே தேய்ப்பதால்தான் பல புதிய வண்டிகள் கெடுகின்றன.

இன்றைய காரின் மேற்பரப்பு பல அடுக்குகளால் ஆயது. உலோகத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் சமப்படுத்தும் பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இந்த நான்காம் அடுக்கு 1980-களில் உலகெங்கும் பரவலாயிற்று. நாம் காணும் பளபளப்பு முழுவதும் இவ்வடுக்கைச் சேர்ந்ததே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கை மைக்ரான் என்பர். நான்கு அடுக்குகளும் சேர்ந்த மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை. நிறமற்ற மேலடுக்கு மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான். அதாவது நம் தலைமயிரின் கனத்தைவிடக் குறைவானதொரு படலம் வெயிலையும் மழையையும் தூசியையும் பல ஆண்டுகள் தாங்கி நிற்கவேண்டும். அப்படலம் தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்ததுதான்; பிறகு வளர்வதில்லை.

கீறல்கள் வெள்ளை வண்டியிலும் விழுகின்றன. கறுப்பு வண்டியில் மட்டும் அவை கண்ணை உறுத்துவானேன்? வெள்ளை நிறம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை எல்லாத் திசைகளிலும் சிதறவிடுகிறது. அந்த வெண்மையின் நடுவே கீறல் சிதறவிடும் சிறிது ஒளி மறைந்துபோகிறது. கறுப்போ உள்ளே புகுந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கு மட்டும் நிறமற்ற படலத்தின் மேற்பரப்பில் பட்டுக் கண்ணாடியிற்போல் திரும்புகிறது. அந்தச் சிறு பங்கே கறுப்பின் அழகு. மேற்பரப்பு கீறப்பட்டால் அவ்வொளி நெறி தவறிச் சிதறுகிறது. கரிய பின்னணியில் அது வெண்கோடாக ஒளிர்கிறது. அமாவாசை இரவில் அகல்விளக்கும் நெடுந்தொலைவு தெரிவது போன்றதே இது.

இக்கீறல்கள் வட்ட வட்டமாகத் தோன்றுவதால், வட்டமாகத் துடைத்ததே குற்றம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. நாள்தோறும் துலக்கிய எவர்சில்வர் தட்டை விளக்கொளியில் பிடித்துப் பாருங்கள்; ஒளியின் பிம்பத்தைச் சுற்றி வளையங்கள் தெரியும். தட்டை நகர்த்தினால் வளையங்களும் நகரும். கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் பிம்பத்தைச் சூழ்ந்து குறுக்காகக் கிடப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புவதால் வட்டம் போன்ற தோற்றம் உண்டாகிறது. காரிலும் நிகழ்வது இதுவே.

கீறுவது எது என்று வினவினால், தூசி என்பதே விடை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கொங்கு நாட்டின் வெயிலைத் தணிப்பதோடு, உழுத நிலத்துப் புழுதியையும் கொணர்ந்து வண்டிமேல் படியச்செய்கிறது. புழுதியிலுள்ள மணல் துகள் படலத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. அதன்மேல் உலர்ந்த துணியைப் போட்டு இழுத்தால், துணி அரத்தின் வேலையைச் செய்கிறது. திருப்பூரிலிருந்து வரும் பனியன் கழிவுத் துணி எண்ணெய் துடைக்க மிக ஏற்றது. ஆனால் தூசி படிந்த கறுப்புக் காரைத் துடைக்க ஏற்றதன்று. காலையில் வண்டியை வெளியே எடுக்குமுன் 'ஒரு தட்டுத் தட்டிவிடுவோம்' என்று அன்போடு செய்யும் அந்தச் சிறுபணியே பெருங்கேடாக முடிகிறது.

கோவையில் இத்தொழில் நடைபெறும் கொட்டகை ஒன்றில் நான் உடனிருந்து கண்டதை இங்குக் கூறுவது பொருந்தும். வாங்கி மூன்று திங்களான கறுப்புக் கார் ஒன்றை அதன் உரிமையாளர் கொண்டுவந்திருந்தார். வேளாண்மை செய்பவர், பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய முதல் கார். "ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது தம்பி" என்பது அவர் கோரிக்கை. கொட்டகைத் தொழிலாளி இளைஞர். அவர் கனமளக்கும் சிறு கருவியை எடுத்துக் கதவு, மூடி, கூரை என்று இடம் இடமாக வைத்து எண்களைக் குறித்துக்கொண்டார். முன்மூடியின் ஓரத்தில் இருந்த ஒரு கீறலில் விரல் நகத்தை மெல்ல ஓட்டினார்; நகம் சிக்கியது. "எடுத்துத் தரலாமுங்கண்ணா. ஆனா எடுத்ததைத் திரும்ப வெக்க முடியாதுங்களே" என்றார். மெருகுத் தொழிலின் சாரம் முழுவதும் அந்த ஒரு மறுமொழியில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

மெருகேற்றுதல் என்றவுடன் எதையோ சேர்ப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது தேய்த்தெடுத்தலே. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தைப் போக்க அதனை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அளவுக்குத் தாழ்த்துகிறார்கள். மெல்லிய மெருகுக்கு ஓரிரு மைக்ரான் போதும். நகம் சிக்கும் ஆழமுள்ள கீறலை முற்றும் போக்க முனைந்தால் படலமே தீர்ந்துபோகக்கூடும். பிறகு வெயிலைத் தடுக்கும் காப்பின்றி நிறம் வெளிறும், படலம் உரியும், மறுபடி வர்ணம் தெளிப்பதன்றி வேறு வழியில்லை. ஆகவே அந்தப் பெரியவர் நகம் சிக்கிய கீறலை மழுங்கச்செய்து விட்டுவிடுவதற்கு இசைந்தார். புதிய வண்டிக்கு வேண்டியது மிகக் குறைந்த மெருகே என்பதை அவர் ஏற்றுக்கொண்டது அறிவுடைமை.

இனி வேலையின் வரிசையைக் காண்போம். முதலில் நிழலில் நிறுத்தி, வண்டியின் சூடு ஆறவிட்டு, நிரம்பத் தண்ணீர் பாய்ச்சித் தூசியை நீக்கினார்கள். பிறகு காரமும் அமிலமும் மிகாத சோப்பு நீரால் மேலிருந்து கீழாகக் கழுவினார்கள். சோப்பு நீருக்கு ஒரு வாளி, அழுக்கான கையுறையை அலசுவதற்கு மற்றொரு வாளி. அடுத்து, சக்கரத் தடைகளிலிருந்து தெறித்துப் படலத்தில் புதைந்த இரும்புத் துகள்களைக் கரைக்கும் நீர்மம் ஒன்றைத் தெளித்தனர். இரும்பு உள்ள இடமெல்லாம் ஊதா நிறம் வழிந்தது. எஞ்சிய பிசினையும் தாரையும் களிமண் போன்ற மென்கட்டியால் வழுக்கி எடுத்தார்கள். கை வைத்துத் தடவினால் கண்ணாடி போல் வழுக்கிய பின்னரே மெருகு தொடங்கியது.

ஓரங்களில் படலம் மெலிந்திருக்கும். எனவே அங்கெல்லாம் ஒட்டுக் காகிதம் ஒட்டப்பட்டது. சுழற்சியும் அசைவும் ஒருங்கே உடைய எந்திரத்தில் மென்மையான நுரைப்பஞ்சு பொருத்தி, அலுமினியம் ஆக்சைடின் நுண்துகள் கலந்த களிம்பைத் தொட்டு, முதலில் ஒரு சாண் இடத்தில் மட்டும் தேய்த்துப் பார்த்தனர். அங்கு நல்ல பயன் கண்ட பிறகே மற்ற இடங்களுக்குச் சென்றனர். இறுதியில் ஆல்கஹால் கலந்த நீர்மத்தால் துடைத்தார்கள். இது முக்கியமானது. களிம்பின் எண்ணெய் கீறல்களை நிரப்பி அவை மறைந்ததுபோல் காட்டும். எண்ணெயை நீக்கினால்தான் மெய்யான நிலை தெரியும்.

அடுத்தது பூச்சு. ஊர்தோறும் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிய கைவினைஞரைப் பெரியோர் பலர் நினைவில் வைத்திருப்பர். பாத்திரத்தை நன்கு துலக்காமல் அவர் ஈயத்தைத் தொடமாட்டார். அழுக்கின்மேல் ஈயம் பிடிக்காது. காரின் பூச்சுக்கும் விதி அதுவே. முன்னர் மெழுகு பூசும் வழக்கம் இருந்தது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு புகழ்பெற்றது. அது சில வாரங்களோ திங்களோ நிற்கும். இன்று 'செராமிக்' என்னும் பூச்சு மிகுதியாக வழங்குகிறது. சிலிக்கான் சேர்ந்த நீர்மம் காற்றின் ஈரத்தால் இறுகிப் படலத்தோடு பிணைகிறது. சிறிது சிறிது இடமாகத் தடவி, உரிய நேரத்தில் மிகுதியைத் துடைத்தெடுக்கவேண்டும். தாமதித்தால் திட்டுத் திட்டாக இறுகிவிடும். பூசியபின் ஒருநாளேனும் நீர் படலாகாது; ஒரு வாரம் சோப்பு நீர் கூடாது. கொட்டகையில் காற்றோட்டமும், தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும் இன்றியமையாதவை. வண்டியின் மெருகுக்காக ஒருவருடைய நுரையீரல் கெடலாகாது.

இப்பூச்சைப் பற்றிய விளம்பரங்களில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, '9 எச்' கடினம் என்பது. இது வைரத்தோடு ஒப்பிடும் அளவையன்று. பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவை. பென்சில் கீறாததை மணல் கீறும். மேலும் அப்பூச்சு பெரும்பாலும் ஓரிரு மைக்ரானுக்கு மேற்படாதது. மற்றொன்று, தாமரை இலைத் தண்ணீர் என்னும் உவமை. தாமரை இலைமேல் நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து நீரை முத்தாக உருட்டுகின்றன. நீர் அழுக்கையும் ஏந்திச் செல்கிறது. காரின் பூச்சும் நீரைத் திரட்டும். ஆயினும் அவ்வளவு எளிதில் உருட்டிவிடுவதில்லை. திரண்ட துளி வெயிலில் கொதிக்கும் கறுப்புத் தகட்டின்மேல் நின்று உலர்ந்தால், நீரிலுள்ள சுண்ணாம்பு வெண்புள்ளியாகத் தங்கும். சிறுவாணி நீர் மென்னீராதலால் தீங்கு குறைவு. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரால் கழுவுவோர் உடனே ஈரம் ஒற்றியெடுத்தல் வேண்டும். காக்கை எச்சத்தையும் அவ்வாறே நனைத்து ஊறவைத்து அன்றே நீக்கவேண்டும்.

எனவே பூச்சுக்குப் பின்னும் பேணுதல் ஓயாது, எளிதாகிறது, அவ்வளவே. தூசி பட்டால் தண்ணீர், பிறகு சோப்பு நீர், பிறகு தூய மென்துணி என்னும் வரிசை மாறாதிருந்தால், மறுபடி மெருகேற்றும் தேவை நெடுங்காலம் எழாது. காரின் மேற்படலம் தொழிற்சாலை நமக்கு ஒரே முறை அளித்த முதல். கிணற்று நீர் ஊறுவது போல அது ஊறாது. கோடையில் வாய்க்காலுக்கு விடும் நீரை அளந்து விடுகிற கொங்கு நாட்டு உழவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு மைக்ரானையும் அளந்து செலவிடுவோமாக.